வட்ட ரம்பம் கேட்டு வருபவருக்கு எதைக் கொடுப்பது?

ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு இது பழகிய காட்சி. வீட்டிலேயே ஸ்டூல், அலமாரி செய்து பார்க்கும் ஆசையில் ஒருவர் வட்ட ரம்பம் கேட்டு வருகிறார். விலையைச் சொன்னதும் முகம் மாறுகிறது. உடனே நாம் 110 மி.மீ. மார்பிள் கட்டரை எடுத்து, மரம் அறுக்கும் பிளேடை மாட்டிக் கொடுக்கிறோம். ஆசாரிகளே இதில்தான் அறுக்கிறார்கள் என்று சமாதானமும் சொல்கிறோம்.

மொத்த வியாபாரத்தோடு சில்லறையும் பார்க்கும் நாங்களும் அப்படிக் கொடுத்தவர்கள்தாம். வாங்கிப்போன ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பத்தாம் நாள் கையில் கட்டோடு வந்தார். கோபப்படவில்லை. "இதுக்கு மூடி கிடையாதா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். எங்களால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மூடி கிடையாதுதான். மர ரம்பத்தில் அடிப்பக்கப் பற்களை மறைக்கும் கார்டு, அறுத்து முடித்ததும் ஸ்பிரிங்கில் தானே மூடிக்கொள்ளும். கல்லுக்கான கட்டரில் அது இல்லை. வேகமும் நிமிடத்துக்குச் சுமார் 12,000 சுற்று. மர ரம்பத்துக்கோ 5,000 அளவில்தான்.

வீட்டு வேலைக்கு 185 மி.மீ., அதாவது 7¼ அங்குல ரம்பம் போதும். இரண்டங்குலக் கட்டை ஒரே அறுப்பில் போகும். பிளைவுட்டுக்கு 40 பல் பிளேடு, நீளவாக்கில் கட்டை அறுக்க 24 பல். பிளேடில் அச்சிட்ட உச்ச வேகம் மெஷினின் வேகத்துக்குக் குறையக்கூடாது.

இப்போது மர பிளேடு கேட்டால், எந்த மெஷினுக்கு என்று கேட்ட பிறகே எடுக்கிறோம். சிலர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.