உங்களுக்குத் தெரியுமா? – ஹம்போல்ட் ஏறிய மலை

ஜெர்மன் புவியியலாளர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் (1769–1859) முதலில் சுரங்கத் துறை அதிகாரி. தாய் இறந்து சொத்து கைக்கு வந்ததும் வேலையை உதறினார். 1799-இல் தென் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

● 1802-இல், இன்றைய ஈக்வடாரிலுள்ள சிம்பராசோ எரிமலையில் 5,800 மீட்டருக்கும் மேல் ஏறினார். சிகரத்தை எட்டவில்லை, ஆனால் உயரம் கூடக்கூடச் செடிகொடிகள் எப்படி மாறுகின்றன என்பதை ஒரே படத்தில் வரைந்து காட்டினார்.

● ஒரே சராசரி வெப்பநிலையுள்ள இடங்களை வரைபடத்தில் கோட்டால் இணைக்கும் முறையை 1817-இல் தந்தவர் இவரே.

● பெரு கடலோரக் குளிர்நீரோட்டமும் ஒரு பென்குவின் இனமும் இவர் பெயரால் அழைக்கப்படுகின்றன.

● இமயமலையை ஆராய ஆசைப்பட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி அனுமதி தரவில்லை. கடைசிவரை இந்திய மண்ணை அவர் மிதிக்கவே இல்லை.