சிற்றறை விடுதியில் ஓரிரு நாள்

'ஓட்டல்' என்னும் சொல் தமிழரிடம் வந்து சேர்ந்தபோது அதன் பொருள் பாதி வழியிலேயே மாறிவிட்டது. நமக்கு ஓட்டல் என்றால் இட்டலியும் காப்பியும் கிடைக்கும் இடம். படுத்துறங்கும் இடத்துக்கு 'லாட்ஜ்' என்றும் 'விடுதி' என்றும் வேறு பெயர் வைத்துக்கொண்டோம். இதனை இங்கு எடுத்துக் கூறுவது மொழியாராய்ச்சிக்காக அன்று. தில்லியிலும் பம்பாயிலும் குடியேறி வாழும் நம்மவர், ஒரு நேர்முகத் தேர்வுக்காகவோ உறவினர் திருமணத்துக்காகவோ வேறொரு நகரம் செல்லுங்கால், இக்காலத்துச் சிறிய ஓட்டல்களில் இறங்கி முகம் சுளிப்பதற்கு இச்சொல் மயக்கமும் ஒரு காரணம். அவ்விடுதிகள் உறக்கத்தையும் குளியலையும் தருகின்றன. மற்றவற்றைக் குறைத்தே தருகின்றன.

இக்குறைப்பு கஞ்சத்தனத்தால் வந்ததன்று, கணக்கினால் வந்தது. 2004-ஆம் ஆண்டில் டாட்டா குழுமத்தினர் பெங்களூரு ஒயிட்பீல்டில் 'இண்டிஒன்' என்ற விடுதியைத் திறந்தனர். பின்னர் அது 'ஜிஞ்சர்' எனப் பெயர் பெற்றது. கோயம்புத்தூரில் பிறந்த நிருவாகவியல் அறிஞர் சி. கே. பிரகலாத் அவர்களின் கருத்துதவி அத்திட்டத்துக்கு இருந்தது. ஓரிரவு தங்குபவனுக்கு இன்றியமையாதவை எவை? தூய படுக்கை, வெந்நீர், உறுதியான பூட்டு. பெட்டி தூக்கும் பணியாளர், விருந்து மண்டபம், அகன்ற முகப்புக் கூடம் ஆகியவற்றின் செலவை அவன் தலையில் சுமத்துவானேன் என்பதே அத்தகைய விடுதிகளின் அடிப்படை.

அறையின் அளவையும் அறிந்து செல்வது நன்று. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் தர வரிசையில், ஒரு நட்சத்திர, இரு நட்சத்திர விடுதிகளின் படுக்கையறை, குளியலறை நீங்கலாக, 120 சதுர அடியேனும் இருத்தல் வேண்டும். ஐந்து நட்சத்திரத்துக்கு 200. பன்னிரண்டடிக்குப் பத்தடி என்பது நம் வீடுகளில் ஒரு நடுத்தர அறைதான். ஆயினும் இரட்டைக் கட்டில் அதனுள் புகுந்தபின் நடப்பதற்கு ஒரு சந்து மட்டுமே எஞ்சும். பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டால் அறை உடனே பெரிதாகிவிடும்.

கதவருகே சுவரில் ஒரு சிறு பிளவு இருக்கும். திறவுகோலாகத் தரப்படும் அட்டையை அதனுள் செருகினால்தான் விளக்கும் குளிர்சாதனமும் இயங்கும். அட்டையோடு வெளியேறினால் மின்சாரம் நின்றுவிடும். ஆகவே கைபேசியை மின்னேற்றத்தில் இட்டுவிட்டு உணவருந்தச் செல்வோர், திரும்பி வருகையில் அது ஏறாதிருப்பதைக் காணலாம். ஏதேனும் ஒரு பழைய அட்டையைச் செருகி விடுதியாரை ஏய்ப்பவரும் உண்டு. எல்லாக் கருவிகளும் அதற்கு ஏமாறுவதில்லை.

இன்னும் சுருங்கிய இடம் வேண்டுவோர்க்குக் கூண்டறைகள் உள்ளன. 1979-இல் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகவா ஒசாகா நகரில் வகுத்த முறை இது. ஒருவர் படுக்கவும் நிமிர்ந்து உட்காரவும் போதிய பெட்டிகளை வரிசையாக அடுக்கியிருப்பர். மும்பை சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இத்தகைய 48 கூண்டறைகள் 2021 நவம்பரில் திறக்கப்பட்டன. 12 மணி நேரத்துக்கும் எடுக்கலாம் என்பதே அவற்றின் சிறப்பு. பெரும்பாலான விடுதிகள் நண்பகலிலோ பிற்பகல் இரண்டு மணிக்கோதான் அறையை ஒப்படைக்கும். நம்மூர் வண்டிகளோ பல நகரங்களைக் காலையிலேயே சென்றடைகின்றன. அந்த ஆறேழு மணி நேரத்தை முதியோருடன் நடைமேடையில் கழிப்பது கொடுமை. முன்னதாகவே நுழைய இயலுமா என்று விடுதியாரிடம் கேட்டு எழுத்தில் பெறுவது ஒரு வழி. ரயில் நிலைய ஓய்வறையை முன்பதிவு செய்வது மற்றொன்று. ஓய்வறைக்கு உறுதியான அல்லது ஆர்.ஏ.சி. பயணச்சீட்டின் எண் தேவை.

பெற்றோரை அழைத்துச் செல்வோர் குளியலறையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கண்ணாடித் தடுப்புக்குள் நின்று குளிக்கும் அமைப்பு, வழவழப்பான தரை, பற்றிக்கொள்ளக் கைப்பிடி இன்மை ஆகியவை எழுபது வயதினர்க்குப் பகை. வாளி, செம்பு, உட்கார ஒரு முக்காலி ஆகியவற்றைக் கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டா. அந்தச் சில நூறு ரூபாய் மிச்சம் இடுப்பெலும்புக்கு ஈடாகாது.

ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தில்லி கரோல்பாக், தமிழர் நன்கறிந்த பகுதி. அங்கு விடுதி ஒன்றில் 2019 பிப்ரவரி 12 விடியற்காலையில் மூண்ட தீயில் 17 பேர் மாண்டனர். நடைவழியில் பதித்திருந்த மரப்பலகைகள் தீயை விரைந்து பரப்பியதாகத் தீயணைப்புத் துறையினர் கூறினர். குறுகிய மனையில் உயர்ந்தெழும் விடுதிகளில், குளிர்சாதனத்தின் பொருட்டுச் சாளரங்கள் அடைபட்டிருக்கையில், நெருப்பைவிடப் புகையே முதலில் கொல்லும். ஆதலின் அறைக்குள் பெட்டியை வைத்தவுடன், கதவின் பின்புறம் ஒட்டியுள்ள வரைபடத்தைப் பாருங்கள். பிறகு மாடிப்படிவரை ஒருமுறை நடந்து, இடையில் எத்தனை கதவுகள் உள்ளன என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகையிருளில் கண் உதவாது, கையால் தடவி எண்ணியே செல்ல நேரும். படிக்கட்டின் கதவு பூட்டியிருந்தாலோ, அங்கு மெத்தைகள் அடுக்கப்பட்டிருந்தாலோ, முன்பணம் போனாலும் போகட்டும் என்று வேறிடம் செல்வதே என் யோசனை. தீயின்போது மின்தூக்கியில் ஏறலாகாது. வெளியேற வழியில்லையெனில் கதவிடுக்கை ஈரத்துண்டினால் அடைத்துவிட்டுச் சாளரத்தருகே நின்று உதவி கோருக.

வரியைப் பொறுத்தவரை, நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கான சரக்கு சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. பட்டியலில் பழைய விகிதம் இருப்பின் சுட்டிக் காட்டலாம். அடையாளத்துக்கு ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும்படி மறைத்த நகலை அளிக்கலாம்.

அறையைக் காலி செய்தபின் இரவு வண்டி வரை பெட்டிகளை வரவேற்பறையில் வைத்துக்கொள்ளப் பல விடுதிகள் இசைகின்றன. எத்தனை உருப்படிகள் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்க. ஊறுகாய் ஜாடி உள்ள பையை மட்டும் உடன் எடுத்துச் செல்க.