பழைய டிவிடி டிரைவில் ஒரு வரையும் எந்திரம்

திருகு அளவியைக் கொண்டு மெல்லிய கம்பியின் விட்டத்தை அளந்திருப்பீர்கள். அதன் புரியிடைத் தூரம் 1 மி.மீ. தலைக்கோலில் 100 பிரிவுகள். ஆகவே தலையை ஒரு பிரிவு திருப்பினால் திருகின் முனை 0.01 மி.மீ. மட்டுமே நகர்கிறது. பெரிய சுழற்சியைச் சிறிய நகர்வாக மாற்றித் தருகிறது திருகு.

இந்தத் தலையைக் கைக்குப் பதிலாக ஒரு மோட்டார் திருப்பினால்? எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதைக் கணிப்பொறி சொன்னால்? அதுதான் சி.என்.சி. எந்திரத்தின் அடிப்படை. எண்களாகத் தரப்படும் கட்டளைகளின்படி வெட்டும் கருவியை நகர்த்தி, உலோகத்தையும் மரத்தையும் செதுக்கும் எந்திரம் இது.

இதன் முன்னோடி அமெரிக்காவில் பிறந்தது. ஹெலிகாப்டரின் சுழல் இறக்கைகளைச் செய்துவந்த ஜான் பார்சன்ஸ், வளைவின் புள்ளிகளைக் கணக்கிட்டு, அந்த எண்களாலேயே எந்திரத்தை நகர்த்தலாம் என்று கருதினார். அமெரிக்க விமானப் படையின் பொருளுதவியோடு, மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் 1952இல் அத்தகைய எந்திரத்தை இயக்கிக் காட்டியது. கட்டளைகள் துளையிட்ட காகித நாடாவில் இருந்தன. அவற்றை நிறைவேற்ற நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழல்கள் உழைத்தன. இன்று அந்த வேலைக்கு உள்ளங்கையில் அடங்கும் ஆர்டுயினோ பலகை போதும். அதில் ஓடும் ஜி.ஆர்.பி.எல். என்ற நிரல் 2009 முதல் இலவசமாகக் கிடைக்கிறது.

திருகும் மோட்டாரும்?

அவை பழைய டிவிடி டிரைவுக்குள் தயாராக இருக்கின்றன! லேசரை முன்னும் பின்னும் நகர்த்தும் மோட்டாரைப் பாருங்கள். அதற்கு நான்கு கம்பிகள் இருந்தால் அது ஸ்டெப்பர் மோட்டார். மற்ற மோட்டார்களைப் போல் தொடர்ந்து சுழலாமல், ஒவ்வொரு மின்துடிப்புக்கும் ஒரு படி மட்டும் திரும்பும். பல டிரைவுகளில் ஒரு சுற்றுக்கு 20 படிகள். திருகு ஒரு சுற்றில் 3 மி.மீ. நகர்த்துகிறது. கணக்கிடுங்கள்: 3 ÷ 20 = 0.15 மி.மீ. ஒரு படிக்கு இவ்வளவுதான் நகர்வு! 30 மி.மீ. கோடு வரைய 200 துடிப்புகள் வேண்டும்.

ஒரு டிரைவைப் படுக்க வைத்தால் காகிதத்தை ஒரு திசையில் நகர்த்தும். மற்றொன்றை அதற்கு மேல் செங்குத்துத் திசையில் பொருத்தினால் பேனாவை நகர்த்தும். ஒரு சிறு சர்வோ மோட்டார் பேனாவைத் தூக்கி இறக்கும். மோட்டாருக்கு ஒன்றாக இரண்டு இயக்கிப் பலகைகள் தேவை. அவற்றில் மின்னோட்டத்தைக் குறைத்து வைக்காவிட்டால் சிறிய மோட்டார் சூடேறிக் கெட்டுவிடும். டிரைவின் லேசருக்கு மின்சாரம் தரவே கூடாது. அது கண்ணைப் பாதிக்கும். ஆசிரியரை அருகில் வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

மலிவின் விலை

இந்த எந்திரம் தூரத்தை அளப்பதில்லை, படிகளை எண்ணுகிறது. பேனா எங்காவது தடுக்கி மோட்டார் ஐந்து படி தவறினால், அது எந்திரத்துக்குத் தெரியாது. மீதிப் படம் முழுவதும் 0.75 மி.மீ. விலகிப் போகும். திருகுக்கும் மரைக்கும் இடையே இடைவெளி இருந்தால், திசை மாறும்போதெல்லாம் பின்னடைவுப் பிழை வரும். அதனால்தான் டிரைவுகளில் மரையைத் திருகோடு அழுத்தி வைக்கும் சிறு வில்சுருள் இருக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்!

பேனாவுக்குப் பதில் வெட்டும் கருவியைப் பொருத்தினால் என்ன? வெட்டும்போது பொருள் கருவியை எதிர்த்துத் தள்ளும். அந்த விசையைத் தாங்க இந்தச் சிறு மோட்டாருக்கு வலுவில்லை; பிளாஸ்டிக் மரையும் வளையும். மரம் செதுக்க வேண்டுமானால் பெரிய மோட்டாரும், தடித்த திருகும், அசையாத சட்டமும் வேண்டும். சிறிய நகர்வைக் குறைந்த செலவில் பெறலாம். உறுதிக்குத்தான் பணம் வேண்டும்.

செய்து பாருங்கள்

20 மி.மீ. பக்கமுள்ள சதுரத்தை ஒரே இடத்தில் பத்து முறை வரையச் செய்யுங்கள். பத்துக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஒரு படியும் தவறவில்லை. பிறகு பக்கங்களை அளவுகோலால் அளந்து பாருங்கள். 20 மி.மீ. வராவிட்டால், புரியிடைத் தூரத்தையும் படிகளின் எண்ணிக்கையையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.