அசதிக்கு ஷிஃப்ட் மட்டும்தான் காரணமா?

பெரியபாளையம் பக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அசதி புதிதல்ல. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறினால் யாருக்கும் உடம்பு ஓயத்தான் செய்யும். சிக்கலே அங்குதான். தைராய்டு மந்தமானாலும் இதே அசதிதான் வரும். "நைட் டூட்டி பாரு, அதான்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள், வருஷம் ஓடிவிடும்.

சென்னை உள்பட 8 நகரங்களில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. அவர்களில் மூன்றில் ஒருவருக்கு அது இருப்பது அதுவரை தெரியாது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கழுத்தின் முன்பக்கமுள்ள அந்தச் சுரப்பியைத் தாக்குவதால் வருகிறது. ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ 1912-லேயே விவரித்த நோய் இது.

அசதியோடு வேறு என்ன சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். சித்திரை வெயிலிலும் ஃபேனைக் குறைக்கச் சொல்வது, காலையில் எழும்போது முகமும் கண்ணிமையும் உப்பியிருப்பது, குரல் கரகரப்பது, தோல் வறள்வது, சீப்பில் கொத்தாக முடி வருவது, மலச்சிக்கல், சாப்பாடு கூடாமலே எடை கூடுவது, மாதவிலக்கில் அதிகப் போக்கு, மறதி. ஒன்று மட்டும் இருந்தால் ஆயிரம் காரணம் இருக்கும். மூன்று நான்கு சேர்ந்து மாதக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் டி.எஸ்.எச். பரிசோதனை பற்றிக் கேளுங்கள். குழந்தை தங்கவில்லையே என்று பெரியபாளையம் பவானி அம்மனுக்கு வேப்பஞ்சேலை வேண்டிக்கொள்ளும் பெண்களும்தான். வேண்டுதல் நடக்கட்டும், கூடவே இந்தப் பரிசோதனையும் நடக்கட்டும்.

கையில் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள், அவ்வளவுதான். இதற்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. டி.எஸ்.எச். என்பது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி, தைராய்டுக்குப் போடும் உத்தரவு. தைராய்டு சுணங்கினால் உத்தரவு கூடும். அதனால் குறைபாடு உள்ளவருக்குப் பெரும்பாலும் இந்த எண் ஏறியிருக்கும். பல லேப்களில் சுமார் 0.4 முதல் 4.5 வரை இயல்பு என்று அச்சிட்டிருப்பார்கள். கூடியிருந்தால் ஃப்ரீ டி-4 அளவையும் சேர்த்துப் பார்த்தே டாக்டர் முடிவு செய்வார்.

இங்கே ஷிஃப்ட் தொழிலாளர்களுக்கென்று ஒரு விஷயம் உண்டு, இதைப் பலரும் சொல்வதில்லை. டி.எஸ்.எச். இயல்பாகவே இரவில் ஏறி, பகலில் இறங்கும். தூக்கம் கெட்டால் இன்னும் ஏறும். நைட் ஷிஃப்ட் முடித்து நேராக லேபுக்குப் போனால் எண் சற்றுக் கூடுதலாகத் தெரியலாம். நன்றாகத் தூங்கி எழுந்த நாளில் கொடுங்கள். லேசாகக் கூடியிருந்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பதே முறை. முடி கொட்டுகிறதென்று மெடிக்கலில் வாங்கிய பயோட்டின் மாத்திரை சில லேப் கருவிகளில் எண்ணைக் குறைத்துக் காட்டி, இருக்கும் நோயையே மறைத்துவிடும். இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்துங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள்.

லெவோதைராக்சின் மாத்திரை எழுதிக் கொடுத்தால், வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காபிகூடக் குடிக்காதீர்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் படுக்கப்போகும் நைட் ஷிஃப்ட்காரர்கள், கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் ஆன பிறகு, தூங்கப்போகும் முன் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 6 முதல் 8 வாரத்தில் மறுபரிசோதனை. உடம்பு தேறியதும் தானாக நிறுத்துகிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண், நாள் தள்ளிப்போனது தெரிந்த அன்றே டாக்டரிடம் போக வேண்டும். முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹார்மோன்தான் ஆதாரம். பெரும்பாலும் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டிவரும்.