பாலூட்டும் தாய்க்கு வரும் மார்பழற்சி



பிள்ளை பிறந்த வீட்டிலே எல்லோருடைய கண்ணும் பிள்ளையின் மீதே இருக்கும். பிள்ளை அழுதால் நால்வர் ஓடி வருவர். தாய் முகஞ்சுளித்தால் அதனைக் கவனிப்பார் அரியர். மகப்பேற்றுக்குப் பின் வரும் முதல் ஆறு வாரங்களிலே, சிறப்பாக இரண்டாம் மூன்றாம் வாரங்களிலே, பாலூட்டும் தாய்மார் சிலரை ஒரு நோய் பற்றுகின்றது. காலையிலே மார்பின் ஒரு பகுதி கனத்து நோகும். மாலையாவதற்குள் அவ்விடம் சிவந்து வீங்கித் தொட்டாற் சுடும். இரவிலே குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வந்து சேரும். வைத்தியர்கள் இதனை மார்பழற்சி என்பர். நம் வீடுகளிலே பால் கட்டி வந்த காய்ச்சல் என்பார்கள். இதனை எவ்வாறு எதிர்கொள்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நான் மருத்துவங் கற்றவள் அல்லேன். ஒரு பாடசாலையின் அதிபர். ஆயினும், என்னோடு கற்பிக்கும் இளம் ஆசிரியைமார் தாய்மை எய்திப் பேற்று விடுமுறை கழித்து மீளும்பொழுது சொல்லக் கேட்ட துன்பங்களுள் இதுவும் ஒன்று. வைத்தியர்கள் வகுத்த நெறிகளை வீட்டார்க்கு விளங்கும் முறையில் எடுத்துரைப்பதே என் நோக்கம்.

முதலில் நோயின் காரணத்தை நோக்குவோம். மார்பினுள்ளே பால் ஊறும் நுண்ணிய பைகளும், அப்பாலைக் காம்புக்குக் கொண்டு வரும் குழாய்களும் உள்ளன. ஊறிய பால் வெளியேறாது தங்குமாயின், சூழவுள்ள பகுதி வீங்கிக் குழாய்களை நெருக்கும். நெருக்கவே பால் மேலும் தங்கும். இவ்வாறு பால் தங்குவதே இந்நோயின் முதற்காரணம் என உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே எடுத்துக்காட்டியது. காம்பிலே வெடிப்பு இருப்பின், தோலின்மீது வாழும் கிருமிகள் அவ்வழியே உட்புகுதலும் உண்டு. ஆகவே, எல்லா மார்பழற்சியும் கிருமியால் வருவதன்று. கிருமி சேராத அழற்சி தக்க கவனிப்பினால் ஒரு நாளிலே தணிந்துவிடக் கூடும்.

பால் தங்குவதற்கு வீட்டு நடைமுறைகளே பல வேளைகளிற் காரணமாகின்றன. பிள்ளை காம்பை மட்டும் கவ்வி, அதனைச் சூழ்ந்த கரிய பகுதியையும் வாயில் வாங்காவிட்டால் பால் நன்கு வெளிவராது, காம்பும் வெடிக்கும். முப்பத்தோராம் நாட் சடங்குக்கு உறவினர் திரண்டிருக்க, கூச்சத்தினாலே இரண்டு வேளை பாலூட்டாது விடும் தாய்மாரும் உளர். இறுக்கமான உள்ளாடையும் பாலோட்டத்தைத் தடுக்கும். இதற்கு மாறாக, பிள்ளைக்கு வேண்டிய அளவுக்கு மிஞ்சி நாள்தோறும் கறந்தெடுப்பதும் தீதே. கறக்கக் கறக்கப் பால் பெருகுவது இயற்கை.

இனி, இப்பேச்சின் தலையாய பொருளுக்கு வருகின்றேன். தாய்க்குக் காய்ச்சல் கண்டவுடன், “காய்ச்சற்பால் பிள்ளைக்கு ஆகாது, நிறுத்திவிடு” என்று வீட்டிலே ஒருவர் சொல்வார். அன்பினாற் சொல்லும் சொல்லே அது. ஆனால், தீங்கு பயக்கும் சொல். எனக்குத் தெரிந்த இளம் ஆசிரியை ஒருவர் அச்சொல்லைக் கேட்டு இரண்டு நாட்கள் பாலூட்டாதிருந்தார். நான்காம் நாளிலே மார்பிற் சீழ்க்கட்டி உருவாகிவிட்டது. வைத்தியசாலையிலே ஊசி செலுத்திச் சீழை வெளியேற்ற வேண்டி வந்தது.

பாலைத் திடீரென நிறுத்தினால், தங்கியிருக்கும் பால் மேலுந் தங்கும், நோய் முற்றும். மார்பழற்சி கண்ட தாயின் பால், நிறைமாதத்திற் பிறந்த நலமுள்ள பிள்ளைக்குத் தீங்கு செய்வதில்லை. சிறிது உப்புச்சுவை கூடுவதனால் பிள்ளை சில வேளை முகந்திருப்பும், அவ்வளவே. குறைமாதப் பிள்ளையாயின் வைத்தியரைக் கேட்டுக்கொள்க. அவ்வாறன்றெனில், நோவுள்ள பக்கத்திலும் வழக்கம்போற் பாலூட்டுதலே நன்று. நோவு பொறுக்க முடியாதெனில், பிள்ளை குடிக்கும் அளவைக் கையினாற் பீச்சி எடுத்துக் கொடுக்கலாம்.

அடுத்து, கட்டியை உருவுதல். எண்ணெய் பூசி அழுத்தித் தேய்த்தாற் கட்டி கரையும் என்பது பழைய நம்பிக்கை. முன்னாளிலே வைத்தியர்களுங்கூடப் பிசைந்துவிடும்படியும், மார்பை முற்றாக வெறுமையாக்கும்படியும் கூறியதுண்டு. 2022ஆம் ஆண்டில் தாய்ப்பாலூட்டல் மருத்துவத் துறையினர் அந்நெறிகளைத் திருத்தியமைத்தனர். அழுத்திப் பிசைந்தால் உள்ளே வீக்கம் மிகும் என்பதும், குளிர்ந்த ஒத்தடமே வீக்கத்தைத் தணிக்கும் என்பதும் இன்றைய முடிபு. துணியிற் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைத்தெடுத்தல் போதும்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மாத்திரையைக் குறித்த அளவில் உட்கொள்ளலாம். அது பாலூட்டும் தாய்க்கு ஏற்றதே. ஆனால், இபுபுறுபன் போன்ற மருந்துகளை வைத்தியரைக் கேளாது உட்கொள்ளல் ஆகாது. டெங்கு பரவியுள்ள நம் நாட்டிலே, காய்ச்சல் எதனால் வந்தது என்று தெளியுமுன் அவற்றை உட்கொண்டாற் குருதிப்பெருக்கு நேரக்கூடும். முன்னொருவருக்குக் கொடுத்த கிருமிகொல்லி மருந்தில் மீதமிருந்ததை எடுத்து விழுங்குதலும் தவறு.

வைத்தியரிடம் செல்ல வேண்டிய வேளை எது? ஒரு நாள் முழுதும் பார்த்தும் நோவு தணியாதிருத்தல், கடுங்காய்ச்சலும் நடுக்கமும் காணுதல், காம்பிலே சீழ் தோன்றுதல், இருபக்கமும் ஒருங்கே சிவத்தல், மயக்கமும் தளர்ச்சியும் மிகுதல் ஆகிய இவற்றுள் ஒன்றேனும் காணின் தாமதிக்கலாகாது. பாலூட்டுவதை வைத்தியரிடம் சொன்னால், அதற்கியைந்த மருந்தையே அவர் தருவார். இரண்டு நாளிற் சுகம் கண்டாலும், குறித்த நாள்வரை மருந்தை உட்கொண்டு முடித்தல் வேண்டும். காய்ச்சல் விட்ட பின்னரும் கட்டி கரையாது நின்றால், மீண்டும் காட்டுதல் கடன்.

இத்துறையில் நம் நாடு பேறுடையது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு, மருத்துவமாது வீடு தேடி வரும் முறை இங்கு வளர்ந்து வந்துள்ளது. குடும்பநல உத்தியோகத்தர் எனப்படும் அவர், பிள்ளை பிறந்த முதற் பத்து நாட்களுள் இருமுறை வருதல் விதி. அவர் வரும்போது தேநீர் கொடுத்து அனுப்பிவிடாது, பிள்ளை பால் குடிப்பதை அவர் கண்முன்னே காட்டுங்கள். பிள்ளையைப் பிடிக்கும் முறையிற் சிறு திருத்தம் செய்தாலே பெருநோவைத் தவிர்க்கலாம்.

இறுதியாக வீட்டாருக்கு ஒரு சொல். இந்நோய் தாயின் கவனக்குறைவினால் வருவதன்று. அவள் பால் குறைபாடுடையதும் அன்று. அவளுக்கு வேண்டுவது ஓய்வும் நீரும் நல்லுணவும். சமையலைக் கணவர் ஏற்கலாம். இரவிற் பிள்ளையை எடுத்துக் கொடுக்க மாமியார் விழித்திருக்கலாம். வந்த விருந்தினரை இன்னொரு நாள் வருமாறு அன்புடன் சொல்லலாம். “நிறுத்திவிடு” என்று சொல்வதை விடுத்து, “நீ படு, பிள்ளையை நான் கொண்டு வருகிறேன்” என்று சொல்லும் ஒருவர் வீட்டில் இருப்பாராயின், தாயும் பிழைப்பாள். பிள்ளையின் உணவும் பிழைக்கும்.