விழக் கற்றல்

மழைக்காலத்துக் காலை நேரத்தில், பாசி படர்ந்த கிணற்றடியில் கால் வைக்கிறோம். கண் இமைக்கும் நேரத்தில் கால் வழுக்கிவிடுகிறது. அப்பொழுது நம்மை அறியாமலே நாம் செய்வது யாது? உள்ளங்கையை விரித்துத் தரையை நோக்கி நீட்டுகிறோம். உடம்பு முழுவதன் எடையும் அக்கை ஒன்றின்மேல் வந்து இறங்குகிறது. மணிக்கட்டோ, முழங்கையோ, தோளை மார்போடு இணைக்கும் காறையெலும்போ முறிந்துவிடுகிறது. கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு மருத்துவமனைத் திண்ணையில் அமர்ந்திருப்போரைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுள் பலர் கூறுவது இக்கதையாகவே இருக்கும். காப்பதற்காக நீட்டிய கையே கேட்டிற்குக் காரணமாகிவிடுகிறது.

குழந்தைக்கு நடக்கக் கற்பிக்கிறோம். சிறுவனுக்கு நீந்தக் கற்பிக்கிறோம். மிதிவண்டி ஏறவும் கற்பிக்கிறோம். விழுவதற்கு மட்டும் எவரும் கற்பிப்பதில்லை. விழுதல் கற்கத்தக்கதொரு செயல் என்றே பலர் எண்ணுவதில்லை. ஆனால், உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்ததனால் உயிர் இழக்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. எதிர்பாராத விபத்துகளால் நேரும் இறப்புகளுள், சாலை விபத்துகளுக்கு அடுத்த இடத்தில் நிற்பது இதுவே.

விழுவதை ஒரு பாடமாக அமைத்து, அதனையே முதற்பாடமாகவும் வைத்துள்ள கலை ஒன்று உண்டு. அதுவே ஜப்பான் நாட்டில் தோன்றிய ஜூடோ என்னும் மற்கலையாகும்.

ஜூடோ பயிலச் செல்லும் மாணவன், முதல் நாளே எதிரியைத் தூக்கி எறியும் வித்தையைக் கற்றுவிடலாம் என்னும் ஆவலோடு செல்வான். ஆசிரியரோ அவனைப் பாயின்மேல் மல்லாந்து படுக்கச் சொல்வார். தலையைச் சற்றே தூக்கி, இடுப்பில் கட்டியுள்ள கச்சையின் முடிச்சைப் பார்க்கச் சொல்வார். பின்னர், இரு கைகளையும் மார்பின்மேல் குறுக்காக உயர்த்தி, உள்ளங்கை கீழ்நோக்க, ஒரே வீச்சில் பாயை அறையச் சொல்வார். மாணவன் அறைவான். மீண்டும் அறையச் சொல்வார். அவ்வளவுதான் அன்றைய பாடம்! ஏமாற்றத்தோடு வீடு திரும்பும் மாணவர் பலர். பாயில் படுத்துக்கொண்டு அதனை அடிப்பதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அவர்கள் எண்ணுவதில் வியப்பில்லை.

இப்பயிற்சிக்கு ஜப்பானியர் ‘உக்கெமி’ என்று பெயரிட்டுள்ளனர். ‘உடலால் ஏற்றுக்கொள்ளுதல்’ என்பது அச்சொல்லின் பொருள். அவர்கள் அதனைத் ‘தவிர்த்தல்’ என்றோ ‘தடுத்தல்’ என்றோ கூறவில்லை என்பதை நோக்குக.

ஜூடோவைத் தோற்றுவித்தவர் கானோ ஜிகோரோ என்பவர். இவர் 1860ஆம் ஆண்டில் பிறந்தார். இளமையில் குள்ளமான, மெலிந்த உடம்பினர். வலிய மாணவர்களிடம் அடியும் அவமதிப்பும் பட்டவர். வலிமை குறைந்தவன் வலியவனை வெல்லுதல் கூடுமோ என்னும் ஏக்கத்தால், ஜூஜுட்சு என்னும் பழைய போர்க்கலையைக் கற்கப் புகுந்தார். அந்நாளில் ஜப்பான் புதுநாகரிகத்தில் மூழ்கியிருந்தது; பழைய கலைகளைப் போற்றுவார் அருகிவிட்டனர். தேடி அலைந்த கானோ, 1877ஆம் ஆண்டில் ஃபுக்குடா ஹச்சினொசுகே என்னும் ஆசிரியரைக் கண்டடைந்தார்.

ஃபுக்குடா கற்பித்த முறையைக் குறித்துக் கானோ பின்னாளில் ஒரு நிகழ்ச்சியைக் கூறியுள்ளார். ஒருநாள் ஆசிரியர் அவரை ஒரு புது முறையால் எறிந்தார். எழுந்த கானோ, இதனைச் செய்வது எவ்வாறு என்று வினவினார். ‘வா’ என்றழைத்த ஆசிரியர் மீண்டும் எறிந்தார். கையை எங்கே வைப்பது, காலை எங்கே வைப்பது என்று மாணவர் விடாமல் கேட்டார். விடையாகக் கிடைத்தது மற்றுமோர் எறிதலே. சொல்லால் விளக்கினால் பயனில்லை, பலமுறை விழுந்தால் தானே விளங்கும் என்பது அவ்வாசிரியரின் கொள்கை. இம்முறையைப் புகழ்வோர் உளர். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. விளங்காமலேயே காயமுற்று விலகிச் சென்றோரைப் பற்றி வரலாறு எழுதுவார் இல்லையன்றோ? கானோவே தம் உடம்பெல்லாம் சிராய்ப்புகளும் மருந்துப் பற்றுகளுமாய்த் திரிந்தவர்தாம். ஆசிரியரானபொழுது அவர் வேறு வழியை மேற்கொண்டார்.

1882ஆம் ஆண்டில், டோக்கியோ நகரில் எய்ஷோஜி என்னும் புத்தர் கோயிலின் ஒரு பகுதியில், பன்னிரண்டு பாய்கள் விரித்த சிறு கூடத்தில், ஒன்பது மாணவருடன் அவர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதன் பெயர் கோடோக்கன். மாணவர் விழுந்த அதிர்ச்சியில் கோயிலின் தளம் ஆடியது என்றும், இரவில் கானோ விளக்கேந்தித் தளத்தின் அடியில் ஊர்ந்து சென்று, முறிந்த மரங்களைச் செப்பனிட்டார் என்றும் கூறுவர். ஒவ்வோர் எறிமுறையையும் அவர் பகுத்து ஆராய்ந்தார். எதிரியின் நிலையைக் குலைத்தல், தன் உடலைப் பொருத்துதல், எறிதல் என மூன்று படிகளாகப் பிரித்து விளக்கினார். கொடிய முறைகளைப் பயிற்சிப் போட்டியினின்றும் நீக்கினார். விழும் முறையையும் ஒழுங்குபடுத்தி, தொடக்கநிலை மாணவர்க்கு உரியதாக்கினார். கானோ தொழிலால் பள்ளி ஆசிரியர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராகவும் நெடுங்காலம் விளங்கியவர். எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் பாடமுறை அவர்க்கு இயல்பாகவே கைவந்தது.

படுத்தவாறு அறையப் பழகிய மாணவன், அடுத்து உட்கார்ந்த நிலையிலிருந்து பின்னால் சாய்வான். பிறகு குந்திய நிலையிலிருந்து. அதன் பின்னரே நின்ற நிலையிலிருந்து. பின்புறம் விழுதலோடு பக்கவாட்டில் விழுதலும், முன்புறம் விழுதலும், உருண்டு எழுதலும் தனித்தனியே உள்ளன. உருளும்பொழுது, முன்னே ஊன்றிய கையின் வெளிவிளிம்பு, முழங்கை, தோள், முதுகின் குறுக்கே சென்று மறுபக்க இடுப்பு என்னும் வரிசையில் உடம்பு ஒரு சக்கரம்போல் தரையைத் தொடுகிறது. தலை தரையைத் தொடவே கூடாது.

இம்முறைகள் அனைத்திற்கும் அடிப்படையான காரணத்தை இயற்பியலால் அறியலாம். நின்றுகொண்டிருப்பவரின் இடுப்பு, தரையிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வளவு உயரத்திலிருந்து விழும் பொருள், தரையை அடையும்பொழுது விநாடிக்கு 4.4 மீட்டர் விரைவு பெற்றிருக்கும். அது மணிக்கு 16 கிலோமீட்டர் விரைவாகும்; மிதிவண்டியில் செல்லும் விரைவு என்று கொள்ளலாம். அவ்விரைவு எங்கேனும் அழிந்தாக வேண்டும். 1 சென்டிமீட்டர் தொலைவிற்குள் அது நின்றுவிட்டால், உடம்பின்மேல் படும் சராசரி விசை அதன் எடையைப்போல் ஏறத்தாழ நூறு மடங்காகும். அதே விரைவு 10 சென்டிமீட்டர் தொலைவில் மெல்ல மெல்ல நின்றால், விசை பத்து மடங்கு அளவிற்குக் குறைந்துவிடும். பாய் அமிழ்வதும், உடம்பு வளைந்து உருள்வதும் இத்தொலைவை நீட்டுகின்றன. கையை விறைப்பாக ஊன்றுபவனோ அதனைச் சுருக்கிக்கொள்கிறான்.

பாயை அறைவதன் நோக்கம் மற்றொன்று. தரையில் படும் பரப்பு பெருகினால், ஓரிடத்தில் படும் அழுத்தம் குறையும். முதுகு தரையைத் தொடும் அதே கணத்தில் முழுக்கையும் தரையில் படும்பொழுது, அதிர்ச்சியின் ஒரு பங்கைக் கை ஏற்றுக்கொள்கிறது. கையானது உடம்பிலிருந்து 30 முதல் 45 பாகை வரையில் விலகியிருத்தல் வேண்டும். மிக விலகினால் தோள்மூட்டு வருந்தும். மிக நெருங்கினால் கை உடம்பின் அடியில் சிக்கிக்கொள்ளும். அறையும்பொழுது மூச்சை வெளிவிடுதலும் முறையாகும்.

எல்லாவற்றினும் இன்றியமையாதது மோவாயை மார்போடு சேர்த்தல். கச்சையின் முடிச்சைப் பார்க்கச் சொன்ன ஆசிரியரின் உட்கருத்து இதுவே. மனிதனின் மூளை, மண்டையோட்டினுள் நீர்மத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. பின்னால் விழும்பொழுது கழுத்து தளர்ந்திருந்தால், தலை சாட்டையின் நுனிபோல் பின்னோக்கி வீசப்படும். அது தரையில் மோதலாம். மோதாவிடினும், அக்கடுஞ்சுழற்சியால் மூளையின் மேற்பரப்பிலிருந்து செல்லும் மெல்லிய நாளங்கள் கிழிந்து, உள்ளே குருதி கசியலாம்.

இது வெறும் கருத்தன்று. ஜூடோ பிறந்த ஜப்பானிலேயே, 1983ஆம் ஆண்டிற்கும் 2011ஆம் ஆண்டிற்கும் இடையே நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்கள் ஜூடோ பயிற்சியின் விளைவாக உயிர் துறந்தனர். அவர்களுள் தலையில் நேர்ந்த கேட்டினால் இறந்தவர் பலர். இடைநிலை, மேல்நிலைப் பள்ளிகளில் புதிதாகச் சேர்ந்த முதலாண்டு மாணவர் மிகுதி. விழும் பயிற்சி முதிர்வதற்குள் அவர்களை வலிய மாணவர்களோடு பொருதவிட்டதும், தலையில் அடிபட்ட பின்னும் ஓய்வளியாமல் தொடர்ந்து பயிலச் செய்ததும் இக்கேட்டிற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. 2012ஆம் ஆண்டில் ஜப்பானிய இடைநிலைப் பள்ளிகளில் போர்க்கலை கட்டாயப் பாடமாக்கப்பட்டபொழுது, பிள்ளைகளை இழந்த பெற்றோர் எழுப்பிய குரலால் இச்செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. படுத்துக்கொண்டு பாயை அறையும் சலிப்பூட்டும் அம்முதற்பாடத்தைக் குறைத்து, விரைவில் போட்டிக்கு ஆயத்தம் செய்ய விழைந்த அவசரத்திற்கு அப்பிள்ளைகள் தந்த விலை பெரிது.

விழும் பயிற்சி உடம்பை மட்டுமன்றி அச்சத்தையும் பற்றியது. விழ அஞ்சுபவன், எதிரி பிடித்த அளவிலேயே இடுப்பைப் பின்னுக்கு இழுத்து, கைகளை விறைத்து, மரம்போல் நின்றுவிடுகிறான். அவனை எறிவது கடினந்தான்; ஆயினும் அவனாலும் எதனையும் செய்ய இயலாது. ஒரு முறையைத் துணிந்து முயன்றால் நிலை தவறிவிடுமோ என்னும் ஐயம் அவனைக் கட்டிவிடுகிறது. நன்றாக விழத் தெரிந்தவனோ நிமிர்ந்து, தளர்வாக நிற்கிறான். நூறு முறை முயல்கிறான். தொண்ணூறு முறை விழுகிறான். விழுந்த இடத்திலிருந்து எழுந்து மீண்டும் முயல்கிறான். மேலும், எறியும் முறையைக் கற்பவனுக்கு, அஞ்சாமல் விழுந்து தரும் துணைவன் ஒருவன் வேண்டும். எறிபவனும் தன் கடமையை மறத்தல் ஆகாது. துணைவனின் சட்டைக் கையை விடாமல் பற்றி, இறுதிக் கணத்தில் மேல்நோக்கி இழுத்து, அவன் தலை தரையில் படாமல் காத்தல் வேண்டும். இருவரும் இடம் மாறி மாறி விழுவதால், கூடத்தில் வென்றவன், தோற்றவன் என்னும் வேற்றுமை நெடுநேரம் நிலைப்பதில்லை.

பயிற்சிக் கூடத்திற்கு வெளியிலும் இக்கலையின் உறவுகளைக் காணலாம். வானிலிருந்து குதிக்கும் படைவீரர்க்கு, பாதத்தின் முன்பகுதி, கெண்டைக்காலின் பக்கம், தொடை, இடுப்பு, முதுகின் பக்கம் என ஐந்து இடங்களில் வரிசையாகத் தரையைத் தொட்டு விழக் கற்பிக்கின்றனர். நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர், பக்கவாட்டில் விழும்பொழுது மற்கலை முறையில் உருண்டு விழுந்தால், இடுப்பில் படும் மோதல் குறைவதை அளந்து கண்டுள்ளனர். முதியோரின் இடுப்பெலும்பு முறிவு எத்துணைக் கொடிது என்பதை, வீட்டில் பாட்டனோ பாட்டியோ விழுந்து படுக்கையான துன்பத்தைக் கண்டோர் அறிவர். அந்நாட்டில் முதியோர்க்கும் இத்தகைய பயிற்சியை எளிதாக்கிக் கற்பித்துப் பார்த்துள்ளனர்.

எனினும், கூடத்தில் கற்றதனைத்தும் தெருவிற்குப் பொருந்தும் என்று கருதுதல் தவறு. முற்காலத்தில் ஜூடோ பாய்கள் வைக்கோலை இறுக்கிச் செய்யப்பட்டன. இக்காலத்தில் நுரைப் பொருளால் செய்யப்படுகின்றன. அவற்றின்மேல் ஓங்கி அறைவதுபோல், கருங்கல் தரையில் அறைந்தால் கை நோவும், எலும்பும் முறியலாம். மோவாயைச் சேர்த்தல், கையை ஊன்றாமை, முதுகை வளைத்து உருளுதல் ஆகிய மூன்றுமே எங்கும் உதவுவன. இவற்றைக் கற்க விரும்பும் மாணவர், வீட்டுத் தரையில் தாமே விழுந்து பார்த்தல் கூடாது. தக்க ஆசிரியரின் முன்னிலையில், பாய் விரித்த கூடத்தில், படுத்த நிலையிலிருந்தே தொடங்குதல் வேண்டும். நின்று விழும் நாளை ஆசிரியரே குறித்துக் கூறுவார்.