எட்டு வாரம் திரையில்... மறுநாள் யார் கேட்பது?

கொரோனாவில் மருத்துவமனைப் படுக்கைவரை போய்த் திரும்பியவருக்கு வீட்டு மாடிப்படியே மலை. அவரைப் பிசியோதெரபி மையத்துக்குப் பஸ் ஏறி வரச்சொல்வது என்ன நியாயம்? கூடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கணினித் திரையில் பயிற்சியாளரைப் பார்த்தபடி கைகால் அசைத்தால் போதாதா?

போதும் என்கிறது பிரிட்டனில் நடந்த 'ரீகெய்ன்' ஆய்வு. வீடு திரும்பி மூன்று மாதம் கடந்தும் முழுதாகத் தேறாத 585 பேரை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணிக்கு அரைமணி நேர இணைய ஆலோசனை மட்டும். மற்ற அணிக்கு எட்டு வாரம், வாரம் ஒருமுறை நேரலைக் குழுப் பயிற்சி. கூடவே மனநல ஆதரவு. 2024-ல் முடிவு வந்தது. பயிற்சி பெற்றவர்களின் வாழ்க்கைத்தரம் சற்றே உயர்ந்திருந்தது. ஓராண்டு கழித்தும் அது இறங்கவில்லை.

சீனாவில் கொரோனாவிலிருந்து மீண்ட 120 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் செல்போன் செயலி வழியாக ஆறு வாரம் பயிற்சி தந்தார்கள். ஆறு நிமிட நடைச் சோதனையில், பயிற்சி பெறாதவர்களைவிட அவர்களின் முன்னேற்றம் சுமார் 65 மீட்டர் அதிகம். கால்களுக்கும் வலு கூடியது.

நல்ல செய்திதான். ஆனால் ரீகெய்னில் பயிற்சி அணியின் 298 பேரில் முழுமையாகப் பங்கேற்றவர்கள் 141 பேர். 40 பேர் எட்டியே பார்க்கவில்லை. நேரமில்லையா, உடம்பு ஒத்துழைக்கவில்லையா?

நீண்டகால கொரோனா பாதிப்பில் ஒரு சூது உண்டு. பயிற்சியின்போது நோயாளி சிரித்த முகமாக இருப்பார். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் நல்ல அளவையே காட்டும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடுவார். அப்போது கேமரா அணைந்திருக்கும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் இத்தகையவர்களைச் சைக்கிள் மிதிக்கவைத்து, முன்னும் பின்னும் தொடைத்தசையில் சிறு துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். மிதித்தபின் தசைச் சேதம் கூடியிருந்தது.

இதேபோல் உழைப்புக்குப் பின் முடங்கிப்போகும் நாட்பட்ட சோர்வு நோய்க்கு, படிப்படியாகப் பயிற்சியைக் கூட்டும் சிகிச்சை வேண்டாம் என்று 2021-ல் பிரிட்டனின் வழிகாட்டுதலே மாறியது.

ரீகெய்னில் பயிற்சியால் வந்த கடுமையான பாதிப்புகள் மிக அரிது என்பார்கள் ஆதரவாளர்கள். உண்மைதான். ஆனால் அதில் சேர்ந்தவர்கள் எல்லோரும் மருத்துவமனையில் இருந்து மீண்டவர்கள். வீட்டிலேயே லேசான காய்ச்சலோடு தப்பி, பிறகு மாதக்கணக்கில் முடங்கியவர்களின் கதை வேறு. அந்த வெற்றியை இவர்கள் தலையில் கட்டக்கூடாது.

பயிற்சியில் சேருமுன் கேளுங்கள்: மறுநாள் போன் செய்து விசாரிப்பீர்களா, சோர்ந்துபோனால் பயிற்சியைக் குறைப்பீர்களா? பதில் மழுப்பலாக வந்தால், சேராதீர்கள்.